இரண்டு கையையும் சேர்த்து எண்ணுங்கள்

ஓய்வுபெற்ற வாத்தியார் சீட்டாட்டம் பற்றி எழுதுகிறாரே என்று நினைக்க வேண்டாம். நாங்கள் காசு வைத்து ஆடுவதில்லை. 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டியில் நம் பிரணாப் பர்தன், ஷிப்நாத் சர்க்கார் ஜோடி தங்கம் வாங்கியது இந்த பிரிட்ஜ் ஆட்டத்தில்தான். பர்தனுக்கு அப்போது வயது 60.

எதிரெதிரே உட்காரும் இருவர் ஒரு ஜோடி. துருப்பு எது என்பது ஏலத்தில் முடிவாகும். துருப்பு இனத்தில் இருவரிடமும் சேர்த்து 8 சீட்டாவது இருக்க வேண்டும் என்பது முதல் பாடம். மீதி 5 சீட்டு எதிரிகளிடம் 3-2 என்று பிரிய நூற்றுக்கு 68 வாய்ப்பு உண்டு.

இரண்டு இனத்தில் எட்டெட்டு இருந்தால்? இங்கேதான் எனக்கும் என் ஜோடிக்காரருக்கும் மனத்தாங்கல் வந்தது. மனைவி போன பிறகு அவர் நாலு வார்த்தை பேசுவதே இந்த மேஜையில்தான். எதிர்த்துச் சொல்லவும் தயக்கம்.

அன்று அவரிடம் ஆர்ட்டினில் ஏஸ், ராஜா, ராணி, ஜாக்கி, 4. ஸ்பேடில் ராஜா, 7, 5, 3. டைமனில் 8, 6. கிளாவரில் 7, 2. என்னிடம் ஸ்பேடில் ஏஸ், ராணி, 8, 4. ஆர்ட்டினில் 9, 7, 2. டைமனில் ஏஸ், 7, 3. கிளாவரில் ஏஸ், 6, 5. நான் ஸ்பேட் சொன்னேன். அவர் ஆர்ட்டினிலேயே நின்றார். 11 பிடி வந்தது. "நாலு பெரிய சீட்டை வெச்சுக்கிட்டு ஸ்பேடுக்குப் போவாங்களா சார்?" என்றார்.

ஆட்டம் முடிந்ததும் அதே சீட்டுகளை மேஜையில் பரப்பினேன். ஸ்பேட் துருப்பு என்றால், மூன்று சுற்றில் எதிரிகளின் துருப்பு தீரும். எங்கள் இருவரிடமும் ஒவ்வொரு ஸ்பேட் மிஞ்சும். அவருடைய ஐந்து ஆர்ட்டினும் பிடிதான். கடைசி இரண்டு ஆர்ட்டினில் என் டைமன் 7, 3 இரண்டையும் கழித்துவிடலாம். டைமன் ஏஸும் இறங்கிய பிறகு அவர் டைமனை நான் வெட்டுவேன், என் கிளாவரை அவர் வெட்டுவார். தோற்பது ஒரு கிளாவர் மட்டும். 12 பிடி!

ஆர்ட்டின் துருப்பானால் மூன்று சுற்றில் என் கை காலி. அவரிடம் மிஞ்சும் இரண்டும் எப்படியும் பிடிதான். வெட்டினாலும் கூடுதல் லாபமில்லை.

அவர் விரலால் இரண்டு தடவை எண்ணினார். பிறகு, "அப்போ என் ஆர்ட்டின் வீணாப் போகல, துருப்பா இல்லாமலே உதவுது" என்றார். நான் சொல்ல நினைத்ததை அவரே சொல்லிவிட்டார்.

5-3, 4-4 இரண்டும் இருந்தால் பெரும்பாலும் 4-4தான் நல்ல துருப்பு. வீட்டில் ஒரு கட்டுச் சீட்டு இருந்தால் பரப்பிப் பாருங்கள்.