இது போதும்

எங்க காலனி இரவுப்பள்ளியில் ஒரு கம்ப்யூட்டர் இருக்கிறது. 2014ல் டவுனில் ஒரு ஆபீசில் புதுசு வாங்கியபோது கழித்துப் போட்டது. தூக்கிவரப் போனவன் நான்தான். கொடுத்தவர் நல்ல மனுசர், டீகூட வாங்கிக் கொடுத்தார். கிளம்பும்போது, “ஒங்க பசங்களுக்கு இது போதும்ப்பா” என்றார். அப்போது எனக்கு உறைக்கவில்லை.

கோர் 2 டூயோ ப்ராசஸர், 2 ஜிபி ராம். சும்மா சொல்லக்கூடாது, உழைத்த மிஷின். எங்க பிள்ளைகள் அதில்தான் தமிழ் டைப்பிங் பழகினார்கள்.

போன வருசம் காலேஜில் சேர்ந்த ஒரு பொண்ணு ஸ்காலர்ஷிப் மனு போட உட்கார்ந்தாள். கடைசி நாள் ராத்திரி. சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ் என்று ஒவ்வொரு தாளாக ஏற்ற ஏற்ற, சக்கரம் சுற்றிக்கொண்டே நின்றது. போனில் போட்டிருக்கலாமே என்பார்கள். போட்டுப் பார்த்தோம், அந்தச் சின்னத் திரையில் பாரம் பாதிதான் தெரிந்தது. பன்னிரண்டு மணி தாண்டிவிட்டது. “போவுது வுடு சித்தப்பா” என்று அவள்தான் எனக்கு ஆறுதல் சொன்னாள். அவ அம்மா பீசுக்கு வட்டிக்கு வாங்கினாள்.

அதற்கப்புறம்தான் கூட்டம் போட்டோம். கடையில் சர்வீஸ் வேலை பார்க்கிற எங்க தெருத் தம்பி சொன்னான்: “எஸ்எஸ்டி ஒண்ணு போட்டு, ராம 4 ஜிபி ஆக்கிட்டா ஓடும் மாமா. செலவு கம்மி.” வாஸ்தவம். ஆனால் விண்டோஸ் 10க்கு வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஓடு முடிந்துவிட்டது. 11 இந்தப் ப்ராசஸரை ஏற்காது. லினக்ஸ் போட்டு இழுக்கலாம். வேகம் ஓரளவுக்குத்தான் கூடும்.

புதுசு என்றால் ப்ராசஸரை மட்டும் மாற்ற முடியாது. போர்டு மாறணும். போர்டு மாறினால் பழைய டிடிஆர் 2 ராம் அதில் உட்காராது. பழைய எஸ்எம்பிஎஸ்ஸை நம்பிப் புதுப் போர்டை மாட்டவும் பயம். மானிட்டர், கீபோர்டு, மவுஸ்தான் மிச்சம். போதாததற்கு 2025 கடைசியில் ராம் விலை கண்டபடி ஏறிப்போச்சு.

“ஓடுறத எதுக்குடா தூக்கிப் போடணும்?” என்றார் ஒரு பெரியவர். எனக்கும் அதுதான் சரியென்று பட்டது. எழுந்து, “நமக்கு இது போதும்” என்றேன். சொல்லி முடிப்பதற்குள் அந்த ஆபீஸ்காரர் முகம் வந்து நின்றது.

எங்கப்பா கடைசிவரைக்கும் போட்டது ஆண்டை வீட்டுப் பழைய சட்டைதான். கை நீளமாக இருக்கும், அம்மா மடித்துத் தைத்துத் தருவாள். பழசு போடுவதில் எனக்கு வெட்கமில்லை. எங்களுக்கு எது போதும் என்று அவர்கள் போட்டுவைத்த அளவை என் வாயாலேயே சொன்னேன் பாருங்கள், அதுதான் தாங்கவில்லை.

தலைக்கட்டுக்கு இருநூறு என்று வைத்தோம். அந்தத் தம்பியே கூட வந்தான். இன்டெலில் ப்ராசஸர் பேர் கடைசியில் எஃப் என்று இருந்தால் உள்ளே கிராபிக்ஸ் இருக்காது, தனிக் கார்டு வாங்கணும் என்று பார்த்து எடுத்தான். பழைய மானிட்டருக்காக விஜிஏ இருக்கிற போர்டு. ராம் 8 ஜிபி ஒத்தைக் கட்டையாக, இன்னொரு இடம் காலியாக. விலை இறங்கினால் போட்டுக்கொள்ளலாம்.

பழைய பெட்டியை எறியவில்லை. யார் வீட்டிலோ சும்மா கிடந்த மானிட்டரை மாட்டி, லினக்ஸ் போட்டு, சின்னப் பசங்க டைப்படிக்க வைத்திருக்கிறோம். யூபிஎஸ் இன்னும் வாங்கவில்லை.