எண்ணூரை அளக்க

பத்தாம் வகுப்பு முடித்த பிள்ளையிடம் ஊரே கேட்கும் கேள்வி, "எந்த குரூப்?" முதல் குரூப் என்றால் வரலாறு அன்றோடு சரி. நான் சுற்றுச்சூழல் பொறியியல் முடித்துவிட்டு, பிறகு அஞ்சல் வழியில் வரலாறு எம்.ஏ. படித்தவன். எண்ணூர்க் கழியை அளக்க இரண்டு படிப்பும் வேண்டும் என்பேன்.

வடசென்னை அனல்மின் நிலையத்துச் சாம்பலைத் தண்ணீரில் கரைத்துக் குழாய் வழியே சாம்பல் குளத்துக்கு அனுப்புகிறார்கள். குழாய் உடைந்து ஒழுகிய இடமெல்லாம் கொசஸ்தலையாற்றின் இந்தக் கழி மேடேறிக் கிடக்கிறது. படிந்த சாம்பலின் கனத்தையும் தடைபட்ட நீரோட்டத்தையும் கணக்கிடப் பொறியியல் கற்றுத்தந்தது. அந்தக் கடன் பெரிது. ஆனால் முன்பு எவ்வளவு ஆழம் இருந்தது? கழிக்கரை மீனவர் ஊரான காட்டுக்குப்பத்துப் பெரியவர்களைத்தான் கேட்க வேண்டும். எங்கே படகு தரைதட்டாமல் போனது, எங்கே எந்த வலை விரித்தார்கள், பெண்கள் எந்த இடத்தில் நீரில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடித்தார்கள் என்று ஒவ்வொருவராகக் கேட்டு, ஒருவர் சொன்னதை இன்னொருவர் சொன்னதோடு ஒத்துப்பார்த்து, பெரும்புயல் அடித்த வருடங்களோடு பொருத்தி எழுத வேண்டும். அது வரலாறு கற்றுத்தந்த வேலை.

வரைபடத்தையும் அப்படித்தான் விசாரிக்க வேண்டியிருக்கிறது. 1996இல் மத்திய அரசு ஒப்புதல் தந்த கடலோர மண்டல வரைபடத்தில் இந்தக் கழி இருக்கிறது. பின்னால் வந்த அரசு வரைபடம் ஒன்றில் கழியைக் காணோம். 2017இல் சூழல் செயல்பாட்டாளர்கள் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் துணையோடு இதை வெளிக்கொண்டுவந்தார்கள். அதே ஆண்டில்தான் கபேர் வாசுகி எழுதிய 'சென்னைப் புறம்போக்குப் பாடல்' டி.எம். கிருஷ்ணாவின் குரலில் வந்தது. நீரியல் அறிக்கை எதுவும் எட்டாத வீடுகளுக்கும் அது எண்ணூரைக் கொண்டுபோனது.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து வந்த எண்ணெய் கழியெங்கும் பரவியது. மீனவர்கள் பக்கெட்டும் கையுமாக அதை அள்ளினார்கள். இழப்பைப் படகு எண்ணிக்கையில் கணக்கெடுத்தால், படகே இல்லாமல் இறால் தடவும் பெண் அதில் வரமாட்டாள். எண்ணெய்ப் படலத்தின் பரப்பை எவ்வளவு துல்லியமாக அளந்தாலும் இந்தப் பிழை தீராது. அவள் பிழைப்பை அறிந்தவன்தான் கணக்கெடுப்புப் படிவத்தில் அவளுக்கும் ஒரு கட்டம் போடுவான்.

பொறியியலுக்குப் பேர்போன சென்னை ஐஐடியிலேயே கலைப் புலங்களுக்கான ஐந்தாண்டு எம்.ஏ. 2006இல் தொடங்கியது. அதற்கும் ஒரு படி மேலே போய், பொறியியல் மாணவரும் எம்.ஏ. மாணவரும் சேர்ந்து ஒரே ஆய்வேடு எழுத நம் கல்லூரிகள் இடம் கொடுக்கட்டும். முதல் களமாகக் காட்டுக்குப்பத்தையே கேட்கிறேன்.