கோழிக்கு எத்தனை பெயர்!



நாம் எல்லாவற்றையும் வெறுமனே கோழி என்று சொல்லிவிடுவதில்லை. குஞ்சு, வெடைக்கோழி, பெட்டை, அடைக்கோழி, சேவல் என்று தரம் பார்த்துத்தான் சொல்கிறோம். ஆங்கிலத்திலும் அப்படியே. நம் பிள்ளைகளோ ‘சிக்கன்’ என்ற ஒரு சொல்லோடு நின்றுவிடுகிறார்கள். மற்றச் சொற்கள் தெரியாவிட்டால் காசுக்கும் நட்டம்.

எங்கள் லயத்தில் பக்கத்து வீட்டு அக்காள் பால்மரம் வெட்டிச் சேர்த்த பணத்தில், பட்டணத்துக் கடையில் 20 குஞ்சுகள் வாங்கி வந்தார். முட்டை விற்று மகளின் பள்ளிச் செலவைப் பார்க்கலாம் என்பது அவர் கணக்கு. விலையும் மலிவாக இருந்தது. ஐந்து மாதம் தீனி போட்டார். ஒரு முட்டைகூட விழவில்லை. விடியற்காலையில் கூவல்தான் கேட்டது! குஞ்சு வந்த அட்டைப் பெட்டி அவர் அடுப்படியிலேயே கிடந்தது. அதில் ‘காக்கரெல்’ என்று அச்சிட்டிருந்தது. அப்படியென்றால் ஆண் என்று நான் சொன்னபோது அவர் முகம் வாடியதை மறக்க முடியாது. தீபாவளிக்கு எல்லாவற்றையும் விற்றார். தீனிக்குப் போட்ட காசுகூடத் திரும்பவில்லை.

முட்டையினத்து ஆண் குஞ்சு முட்டையும் இடாது, சீக்கிரம் சதையும் போடாது. மலிவுக்குக் காரணம் அதுதான்.

சரி, பெயர்களைப் பார்ப்போம். குஞ்சு ‘சிக்’. ஒரு வயது நிரம்பாத பெட்டை ‘புல்லெட்’, அதாவது நம் வெடைக்கோழி. துப்பாக்கிக் குண்டு ‘புல்லட்’ வேறு! ஏறக்குறைய ஐந்து மாதத்தில் இது முட்டையிடத் தொடங்கும். முதல் முட்டைகள் சிறியவை. ஒரு வயதைத் தாண்டிய பெட்டை ‘ஹென்’. அடைக்கு உட்கார்ந்தால் ‘புரூடி ஹென்’. 21 நாளில் குஞ்சு பொரிக்கும். ஒரு வயதுக்குட்பட்ட சேவல் ‘காக்கரெல்’. முற்றிய சேவல் ‘காக்’. அதையே அமெரிக்கர் ‘ரூஸ்டர்’ என்பார்கள். கறிக்காகக் காயடித்து வளர்த்த சேவல் ‘கேப்பன்’. ‘லேயர்’ முட்டைக்கு, ‘புராய்லர்’ இறைச்சிக்கு. புராய்லரில் ஆணும் உண்டு, பெண்ணும் உண்டு.

அடுத்த முறை குஞ்சு வாங்கப் போகும்போது பள்ளிக்குப் போகும் பிள்ளையையும் அழைத்துச் செல்லுங்கள். பெட்டியில் உள்ளதை அது வாசித்துச் சொல்லட்டும். முட்டை வேண்டுமென்றால் ‘புல்லெட்’ என்று வாய்விட்டுக் கேளுங்கள். தான் படித்த ஒரு சொல் அம்மாவின் உழைப்பைக் காப்பாற்றியது என்று தெரிந்தால், அந்தப் பிள்ளை இன்னும் பத்துச் சொல் தேடிப் படிக்கும்.