எருமைக்கு இறக்கை முளைத்த ஊர்

"எருமைக்கு ஏது சார் இறக்கை?"

நயாகரா பார்க்கப் போகிறேன், பஃபலோவில் தங்கல் என்று சொன்னதும் பேங்க்கில் வேலை பார்க்கும் நண்பர் கேட்ட கேள்வி இது. ஏதோ ஹோட்டல் மெனு கார்டில் 'பஃபலோ விங்ஸ்' என்று பார்த்ததிலிருந்து அவருக்கு இந்தச் சந்தேகமாம். விசாரித்து வருவதாக வாக்குக் கொடுத்துவிட்டு பிளேன் ஏறினேன்.

நயாகராவுக்குப் போகிறவர்கள் பலர் பஃபலோ ஏர்போர்ட்டில் இறங்கி, ஊரைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் அருவிக்கு ஓடிவிடுவார்கள். நானும் ஓடியிருப்பேன். அங்கே இருக்கும் தங்கை வீட்டுக்காரர் விடவில்லை.

"அருவி எங்கேயும் போயிடாது மச்சான். முதல்ல ஊரைப் பாருங்க" என்று காரைத் திருப்பினார்.

ஈரி ஏரி கடல் மாதிரி விரிந்து கிடந்தது. ஆற்றங்கரையில் பத்து மாடி உயரத்துக்குப் பழைய தானியக் கிடங்குகள். எருமை மட்டும் ஒன்றுகூட இல்லை.

"மாப்பிள்ளை, பேருக்காவது ஒண்ணு இருக்கக் கூடாதா?"

பேரில்தான் வில்லங்கமே. அமெரிக்கர்கள் பஃபலோ என்பது நம் குளத்தில் படுத்து அசை போடுகிற எருமையை அல்ல. திமிலும் தாடியுமாக இருக்கும் பைசன் என்கிற காட்டு மாட்டை. அது இந்தப் பக்கம் மேய்ந்ததால் வந்த பேர் என்று ஒரு கட்சி. ஓடைக்கரையில் 'எருமை' என்ற பட்டப்பேரோடு ஒரு செவ்விந்தியர் குடியிருந்தார், ஓடை 'பஃபலோ க்ரீக்' ஆனது, அதிலிருந்து ஊர் என்று இன்னொரு கட்சி. பிரெஞ்சுக்காரர்கள் 'அழகான ஆறு' என்ற அர்த்தத்தில் 'போ ஃப்ளேவ்' என்றதை இங்கிலீஷ்காரர்கள் மென்று துப்பியதுதான் பஃபலோ என்பது மூன்றாவது. கேட்க ஜோராக இருக்கிறது. சரித்திரக்காரர்கள்தான் நம்ப மாட்டேன் என்கிறார்கள்.

ஊரை அளந்து தெரு போட்ட ஜோசப் எல்லிகாட் என்பவர், தன் டச்சு முதலாளிகளை மகிழ்விக்க 'நியூ ஆம்ஸ்டர்டாம்' என்று பேர் வைத்துப் பார்த்தார். ஜனங்கள் சட்டை செய்யவில்லை. எருமையே ஜெயித்தது.

இங்கிலீஷ்காரர்கள் இந்தச் சொல்லை அதோடு விடவில்லை. 'பஃபலோ' என்று ஒரு வினைச்சொல்லும் உண்டு. மிரட்டுவது, குழப்புவது என்று அர்த்தம். ஊர், மாடு, மிரட்டல் மூன்றையும் சேர்த்து ஒரு முழு வாக்கியமே இருக்கிறது. மூச்சைப் பிடித்துக்கொள்ளுங்கள்:

"பஃபலோ பஃபலோ பஃபலோ பஃபலோ பஃபலோ பஃபலோ பஃபலோ பஃபலோ."

அச்சுப் பிழை இல்லை சார். எட்டும் எட்டு வார்த்தை. இலக்கணம் சுத்தம். பஃபலோ ஊர் மாடுகளால் மிரட்டப்படுகிற பஃபலோ ஊர் மாடுகள், தங்கள் பங்குக்கு வேறு பஃபலோ ஊர் மாடுகளை மிரட்டுகின்றன என்று பொருள். 1972-ல் இதைச் சொல்லிப் பிரபலமாக்கிய வில்லியம் ராப்பபோர்ட், பிற்பாடு இந்த ஊர்ப் பல்கலைக்கழகத்திலேயே பேராசிரியர் ஆனார். ஹெட் ஆபீஸ் மேனேஜரை மிரட்ட, மேனேஜர் நம்மை மிரட்டுகிற இடத்தில் வேலை பார்ப்பவர்களுக்கு இது உடனே புரிந்துவிடும்.

நண்பரின் இறக்கைக்கு வருகிறேன். 1964-ல் இங்குள்ள ஆங்கர் பாரில், தெரஸா பெலிசிமோ என்ற அம்மாள், சூப்புக்குப் போடுகிற கோழி இறக்கையைப் பொரித்துக் கார சாஸில் புரட்டிக் கொடுத்தார். உலகமே அதை பஃபலோ விங்ஸ் என்கிறது. பஃபலோவில் மட்டும் அப்படிக் கேட்டால் வெளியூர் ஆசாமி என்று கண்டுபிடித்துவிடுவார்கள். அங்கே வெறும் 'விங்ஸ்'தான்.

ஃபுட்பால் டீமுக்கு 'பஃபலோ பில்ஸ்' என்று பேர். அந்த பஃபலோ பில்லோ, மேற்கே ரயில்பாதை போட்டவர்களின் சாப்பாட்டுக்குக் காட்டு மாடு சுட்டுக் கொடுத்துப் பட்டம் வாங்கியவர். ஊருக்கும் அவருக்கும் ஸ்நானப் பிராப்தி கிடையாது. 1991 முதல் 1994 வரை வரிசையாக நாலு சூப்பர் பௌல் இறுதி ஆட்டம், நாலிலும் தோல்வி. ஊர் இன்னமும் அந்த டீமுக்காகத் தொண்டை கிழியக் கத்துகிறது.

தோற்றது டீம் மட்டுமில்லை. 1825-ல் ஈரி கால்வாய் திறந்தபோது கொழித்த ஊர் இது. 1959-ல் செயின்ட் லாரன்ஸ் கடல்வழி வந்ததும் கப்பல்கள் இங்கே நிற்காமலே போயின. ஆலைகள் ஒவ்வொன்றாக மூடின. 1950-ல் 5,80,000 பேர். 2020-ல் 2,78,000. பாதிக்கு மேல் காலி.

"அப்புறம் நீங்க ஏன் மாப்பிள்ளை இங்கேயே இருக்கீங்க?"

கொஞ்ச நேரம் பேசாமல் ஓட்டினார். பிறகு 2022 கிறிஸ்துமஸ் பற்றிச் சொன்னார். நாற்பது பேருக்கு மேல் பலி வாங்கிய பனிப்புயல். இவர் கார் நடுரோட்டில் புதைந்துவிட்டது. நீட்டிய கை கண்ணுக்குத் தெரியவில்லை. தட்டுத் தடுமாறி முதலில் அகப்பட்ட கதவைத் தட்டினார். திறந்தது ஒரு வயதான அம்மாள். இரண்டு ராத்திரி சூப்பும் ரொட்டியும் கொடுத்து வைத்துக்கொண்டார்.

"கடைசி வரைக்கும் என் பேரு அவங்க வாயில நுழையலை மச்சான். ஆனா கதவு உடனே திறந்துச்சு."

'நல்ல அண்டை வீட்டாரின் நகரம்' என்று பஃபலோவுக்கு இன்னொரு பேரும் உண்டு. எல்லா ஊரும் இப்படி ஏதாவது எழுதி வைத்துக்கொள்ளும் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

பி.காம். படிக்கும்போது 'குட்வில்' என்று ஒரு சமாசாரம் வரும். கண்ணுக்குத் தெரியாது, கையில் அகப்படாது. ஆனாலும் பாலன்ஸ் ஷீட்டில் சொத்துப் பக்கம் உட்கார்ந்திருக்கும். பரீட்சைக்கு நெட்டுருப் போட்டேனே தவிர அர்த்தம் அந்தக் காரில்தான் புரிந்தது.

ஊர் திரும்பியதும் நண்பர் போன் செய்தார். "என்ன சார், எருமைக்கு இறக்கை இருந்துதா?"

"இறக்கை கோழியோடதுதான். ஆனா போனா ஒரு நாள் தங்கிட்டு வாங்க" என்றேன்.