ஆயுளை எழுதியவன் எவன்?

"அவன் ஆயுள் அவ்வளவுதான்!" சாவு வீட்டுத் திண்ணையிலே அமர்ந்து சாற்றுகிறார்கள், சாத்திரம் கற்றவர்போல. எழுதியவன் எழுதிவிட்டானாம், அழுது பயனில்லையாம்! எழுதியவன் எவன்? ஊருக்கொரு கணக்காக ஏன் எழுதினான்? அவர்கள் கேட்பதில்லை, நாம் கேட்போம், தோழர்களே!

1940-களிலே இந்நாட்டில் பிறந்த குழந்தையின் சராசரி ஆயுள் ஏறத்தாழ 32 ஆண்டு. எல்லோரும் முப்பத்திரண்டிலே மாண்டனர் என்பதல்ல பொருள். தொட்டிலிலேயே துவண்ட மழலைகளின் தொகை சராசரியைத் தாழ்த்திற்று. 2014–18 மாதிரிப் பதிவுக் கணக்கோ 69 என்கிறது. அதிலும் கேரளத்துக்கு 75, தமிழகத்துக்கு 72, சத்தீசுகருக்கு 65! ஒரே நாட்டிலே பத்தாண்டு வேற்றுமை. பிரமன் மலையாளிக்கு மட்டும் மனமுவந்து எழுதினானா? இல்லை! பெண்கல்வியும், பேறுகால மருத்துவமும், தூய குடிநீரும் எழுதிய எழுத்து அது.

பெரியம்மை வந்தபோது 'ஆத்தாள் வந்தாள்' என்று வேப்பிலை கட்டினோம். அம்மைப்பால் குத்த வந்தவரைக் கண்டு ஓடி ஒளிந்தவரும் உண்டு. 1975-க்குப் பின் இந்நாட்டிலே அந்நோய் ஒருவரையும் தீண்டவில்லை. 1980-இல் உலகமே விடுபட்டது. ஆத்தாள் சினங்கொண்டு திரும்பவுமில்லை!

கொள்ளை நோய்கள் குன்றின. கூற்றுவன் கோலம் மாற்றினான். 1990-இல் நூறு சாவுகளில் 38-க்கே தொற்றா நோய்கள் காரணம், 2016-இல் 62-க்கு. இம்மாற்றம் கேரளத்திலும் தமிழகத்திலும் முந்தி வந்தது. முதுமைவரை வாழ்வோர் பெருகியதும் அதற்கொரு காரணம், அது வெற்றியே. ஆனால் நாற்பத்தொன்று முதுமையா?

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையை அடுத்த சிற்றூரிலே ஆசிரியப் பணி எனக்கு. என் மாணவன் ஒருவனின் தந்தை இரும்பாலையிலே இரவுப் பணியாளர். மார்பு வலித்தது, 'வாயு' என்றனர், கஷாயம் தந்தனர். விடிவதற்குள் முடிந்தது நாற்பத்தொரு வயது வாழ்வு. அவருடைய இரத்த அழுத்தத்தை ஒருநாளும் ஒருவரும் அளந்ததில்லை. "விதி, சார்" என்றான் சிறுவன். அந்தச் சொல்லை அவன் நாவிலே வைத்தவர் யார்? நாமன்றோ!

2021 முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' வீட்டு வாயிலுக்கே வருகிறது. வாயிற்கதவைத் திறப்பீர், கையை நீட்டுவீர்! இளைஞர் மன்றங்களே, ஞாயிறுதோறும் ஒரு தெரு. அத்தெருவிலே முப்பது கடந்த அனைவரையும் அழைத்துச் சென்று அழுத்தமும் சர்க்கரையும் அளக்கச் செய்வீர்! ஆலைகளிலே ஆண்டுதோறும் மருத்துவச் சோதனை கேட்பீர்! அம்மையை விரட்டியது பூசையல்ல, அறிவு. எஞ்சியதையும் அதுவே விரட்டும்.