திங்கட்கிழமை ராத்திரி வருபவர்

திங்கட்கிழமை ராத்திரி. டிவியில் பழைய படம் முடிகிறது. கண்ணாடி போட்ட, குறுந்தாடி வைத்த ஒருவர் திரையில் வருகிறார். உடனே வீட்டில் யாராவது எழுந்து ஓடிப்போய் சேனலை மாற்றுகிறார்கள் (ரிமோட் இல்லாத காலமுங்க!). அப்படி ஓடுவதற்கு ஆகும் நேரத்துக்கு கிழக்கு ஜெர்மனிக்காரர்கள் ஒரு அளவே வைத்திருந்தார்கள்: ஒரு 'ஷ்னிட்ஸ்'. அவர் பெயரை முழுசாகச் சொல்வதற்குள் சேனல் மாறிவிடுமாம்.

முழுப்பெயர் கார்ல்-எடுவார்ட் ஃபான் ஷ்னிட்ஸ்லர். 1918-ல் பெர்லினில் பிறந்தவர். கம்யூனிஸ்ட் என்றதும் ஆலைத் தொழிலாளி மகன் என்று நினைத்துவிடாதீர்கள், பிரபு வம்சம்! 1944-ல் ஜெர்மன் படைவீரராக பிரிட்டிஷாரிடம் பிடிபட்டார். பிபிசி-யின் ஜெர்மன் ஒலிபரப்பில் பேசினார். போர் முடிந்ததும் பிரிட்டிஷ் பகுதியில் ரேடியோ வேலை. ஆனால் கம்யூனிஸ்ட் சாய்வு தூக்கலாகத் தெரியவே 1947-ல் வேலை போனது. சோவியத் பகுதிக்குப் போய்விட்டார்.

1960 மார்ச் 21-ல் அரசு டிவியில் அவருடைய 'கறுப்பு சேனல்' ஆரம்பித்தது. ஜெர்மனில் டிவி சேனலுக்கும் சாக்கடைக் கால்வாய்க்கும் ஒரே வார்த்தைதான், அந்தக் குத்தலோடு வைத்த பெயர். மேற்கு ஜெர்மன் டிவியில் வந்ததை வெட்டி எடுத்துப் போட்டு, 'பாருங்கள், எப்படிப் பொய் சொல்கிறார்கள்' என்று பிரித்து மேய்வார். காமர்ஸ் பாஷையில் சொன்னால், போட்டிக் கடைச் சரக்கை வைத்தே தன் கடையை ஓட்டியவர். டிரெஸ்டன் பக்கம் மேற்கு டிவி சிக்னல் சரியாகக் கிடைக்காது. அங்கே இருந்தவர்களுக்கு எதிரி டிவியைக் காட்டியதே இவர்தான் என்பது செம காமெடி.

அந்த ஜோக்குகளோடு ஆளை விட்டுவிடலாம்தான். ஆனால் 1962 ஆகஸ்ட் 17 இருக்கிறதே. பீட்டர் ஃபெஹ்டர் என்ற 18 வயதுப் பையன் பெர்லின் சுவரைத் தாண்ட முயன்றான். சுட்டார்கள். சுவரடியில் கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் ரத்தம் கொட்டக் கிடந்து கத்தினான். இரண்டு பக்கமும் யாரும் போய்த் தூக்கவில்லை. செத்துப்போனான். பத்து நாள் கழித்து ஷ்னிட்ஸ்லர் தன் நிகழ்ச்சியில், சட்டத்தை மீறுகிறவன் உயிரைவிட நம் எல்லைக்காவல் பையன்களின் உயிர்தான் பெரிசு என்கிற மாதிரி பேசினார். பேச்சுத் திறமை உள்ள ஒரு மனிதர் அதை இதற்குப் பயன்படுத்தினார். மேற்குக்காரர்களும் யோக்கியர்கள் இல்லை, அங்கேயும் பிரசாரம் நடந்தது, சரி. ஆனாலும் ஒரு பையன் கத்திக் கத்திச் செத்திருக்கிறான்.

1989-ல் லைப்ஸிக் நகரத்தில் மக்கள் தெருவுக்கு வந்தார்கள். அதுவும் எந்தக் கிழமை? திங்கட்கிழமை! அக்டோபர் 9 அன்று மட்டும் சுமார் 70,000 பேர். கூட்டத்தில் இவருக்கு எதிராகவும் கோஷம். அக்டோபர் 18-ல் ஹோனெக்கர் பதவி விலக, 30-ஆம் தேதி 'கறுப்பு சேனல்' கடைசியாக வந்தது. 1519-வது நிகழ்ச்சி. சில நிமிஷங்களே பேசினார், விடைபெற்றார்.

பத்தாம் நாள் சுவர் திறந்தது. அதன் பிறகும் அவர் வருத்தம் தெரிவிக்கவே இல்லை. தன் பழைய கட்சியை விட்டு வந்து, மேற்கு ஜெர்மனியில் இருந்த ஒரு சின்ன கம்யூனிஸ்ட் கட்சியில் சேர்ந்துகொண்டார். 2001 செப்டம்பரில், 83 வயதில், பெர்லினுக்குப் பக்கத்தில் காலமானார்.