கரைவலையும் அம்பாவும்

புத்தளம் மாவட்டத்து உடப்புக் கரையிலே, விடியற்காலையிற் கரைவலை இழுப்போர் பாடிய அம்பாப் பாடல்களே, பள்ளி புகுமுன் நாம் கேட்ட முதற் செய்யுள்கள். ஒருவர் அடியெடுத்துக் கொடுக்க ஏனையோர் ஒரே குரலில் ஏற்றுப் பாடுவர். அவ்வோசைக்கு இசையக் கால்கள் மணலிற் பின்னோக்கி நகரும். கயிறு சாண் சாணாகக் கரையேறும். மடி கரையை நெருங்க நெருங்கப் பாட்டின் நடையும் விரையும். யாப்பிலக்கணம் கற்பிக்கும் இந்நாளிலும், ஓசையின் இயல்பை விளக்குதற்கு அப்பாட்டே எமக்குத் துணை.

இக்கடற்கரை புலமைக்குப் புதியதன்று. 1807இல் கற்பிட்டியிற் பிறந்து, சிலாபத்தில் மாவட்ட நீதிபதியாக விளங்கியவர் சைமன் காசிச்செட்டி. அவர் 1834இல் இலங்கை ஊர்களின் விவரங்களைத் தொகுத்து அகரவரிசையில் நூலாக்கினார். 1859இல் தமிழ்ப் புலவர் வரலாறுகளைத் 'தமிழ் புளூராக்' என்னும் ஆங்கில நூலாக வெளியிட்டார். பெயரறிந்த புலவர்க்கு அவர் வாய்த்தார். பெயரறியா அம்பாப் பாவலர்க்கு வாய்ப்பவர் யார்?

இயந்திரம் வலையிழுக்கும் கரையில் அம்பாவுக்கு வேலையில்லை. பாடுவோர் மறையின் பாட்டும் மறையுமன்றோ? அன்பார்ந்த பழைய மாணவரே! விடுமுறைக்கு ஊர் வரும்பொழுது மூத்தோர் ஒருவரை அணுகி, ஓர் அம்பாவையேனும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பிறந்த கரைக்கு நாம் செலுத்தும் கடன் அதுவேயாம்.